தாத்தாவின் கூண்டு வண்டி, 1:12 அளவில்: சக்கரம் மட்டும் வரமாட்டேன் என்கிறது

#1 கொட்டாப்புளி

வணக்கம். இத்தனை நாள் எல்லாருடைய இழையையும் படித்துக்கொண்டு சும்மா இருந்தவன், முதல் தடவையாக எழுதுகிறேன்.

மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில் 8க்கு 6 அடியில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் பட்டறை. 16 அங்குல ஸ்க்ரோல் சா (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி வளைவுகளை அறுக்கும் மின்வாள்), ஒரு கை ட்ரில், அப்பா காலத்து இழைப்புளி, நாலு உளி. ஸ்க்ரோல் சா போன தீபாவளி போனஸில் வந்தது. அதில் இதுவரை செய்தது மூன்று பெயர்ப்பலகை, இரண்டு யானை ஜிக்சா, மச்சான் கல்யாணத்துக்குக் கொடி வேலைப்பாடு போட்ட ஒரு போட்டோ ஃப்ரேம். அவ்வளவுதான். இப்போது ஆசை கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

ஊரில் எங்கள் தொழுவத்தில் தாத்தாவின் கூண்டு வண்டி இன்னும் நிற்கிறது. கூண்டு எப்போதோ போய்விட்டது. ஒரு பக்கத்து ஓரத்தில் நிற்கும் முளைக்குச்சிகளைக் கறையான் தின்றுவிட்டது. சக்கரங்கள் மட்டும் கல் மாதிரி இருக்கின்றன. பொங்கலுக்குப் போனபோது டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். சக்கரம் 5 அடி உயரம். நடுவில் அச்சு நுழையும் குடம் 10 அங்குல விட்டம், 14 அங்குல நீளம். குடத்திலிருந்து விரியும் 12 ஆரக்கால், வெளி வளையமாகச் சேரும் 6 வட்டை. ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்று வைத்துக்கொண்டால் சக்கரம் 5 அங்குலம், அதாவது 127 மி.மீ. கணக்கு சுலபம் என்று குஷியாக ஆரம்பித்தேன்.

9 மி.மீ. ப்ளைவுட்டில் ஒரே வளையமாக அறுத்தேன். நடுவில் ஒரு குடம் வைத்து, 12 குச்சிகளை அளவெடுத்து வெட்டி, இரண்டு முனையிலும் ஃபெவிகால் தடவி உள்ளே செருகினேன். மூன்று சக்கரம் ஆயிற்று, மூன்றும் குப்பை. முதலாவது சுற்றினால் பாம்பு மாதிரி நெளிந்தது. இரண்டாவதில் ஒரு குச்சி அரை மி.மீ. நீளம் கூடிவிட, எதிர்ப்பக்கம் மூன்று குச்சிகள் தொளதொளவென்று ஆடின. மூன்றாவது பார்க்க நன்றாகவே இருந்தது. மேசையிலிருந்து கீழே விழுந்தது, 12 ஆரக்காலும் முறுக்கு மாதிரி சிதறின.

நான் எங்கே தப்பு செய்கிறேன்?

#2 மரத்தூள்

குச்சிகள் வெறுமனே முட்டிக்கொண்டு நிற்கின்றனவா, கழுந்து (துளைக்குள் நுழையச் சீவிய முனை) ஏதாவது உண்டா? முட்டு மட்டும்தான் என்றால் விடை அங்கேயே இருக்கிறது. மரத்தின் வெட்டுமுகம் பசையை உறிஞ்சிவிடும், பிடிப்பு நிற்காது. சாதாரண மரப் பசைகள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

#3 கொட்டாப்புளி

முட்டு மட்டும்தான். கழுந்து வைக்கத்தான் நினைத்தேன். ஆனால் வளையம் மூடியிருக்கும்போது இரண்டு முனையிலும் கழுந்து உள்ள குச்சியை எப்படி உள்ளே நுழைப்பது?

#4 பழைய உளி

தம்பி, அந்தக் கடைசிக் கேள்வியை முதலிலேயே கேட்டிருந்தால் மூன்று சக்கரம் மிச்சம். நுழைக்க முடியாது என்பதால்தானே வட்டையை ஆறு துண்டாகச் செய்தார்கள்!

என் அப்பா வண்டிப் பட்டறை வைத்திருந்தவர். நான் வங்கி வேலைக்குப் போய்விட்டேன், இப்போது ஓய்வு. சின்ன வயதில் பட்டறையில் துருத்தி ஊதியதும், பக்கத்தில் நின்று பார்த்ததும்தான் என் படிப்பு. ஆனாலும் ஒன்று உறுதியாகச் சொல்வேன். சக்கரம் உள்ளேயிருந்து வெளியே வளரும். நீங்கள் வெளியேயிருந்து உள்ளே போகிறீர்கள்.

முதலில் குடம். அதில் 12 துளை. ஒவ்வொரு ஆரக்காலாக அடித்து இறக்கினால் சூரியன் படம் போல நிற்கும். அப்புறம் வட்டை. ஒரு வட்டைக்கு இரண்டு ஆரக்கால். ஆறு வட்டையும் ஏறியபின் வெளியே சுற்றி இரும்புப் பட்டா. பட்டாவைக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றியதும் அது சுருங்கி, வட்டையை ஆரக்கால் மேலும் ஆரக்காலைக் குடத்துக்குள்ளும் நெருக்கும். வட்டைகளுக்கு இடையில் வேண்டுமென்றே ஒரு நூல் இடைவெளி விட்டிருப்பார்கள், பட்டா இறுகும்போது அதுவும் மூடிக்கொள்ளும். மொத்தச் சக்கரத்தில் ஒரு சொட்டுப் பசை கிடையாது. அந்த இறுக்கம்தான் பசை. உங்கள் தொழுவத்துச் சக்கரம் இன்னும் கல் மாதிரி நிற்கிறதே, அதனால்தான்.

எங்கள் பட்டறையில் சக்கரம் முழுக்கக் கருவேலம். நுகத்தடிக்கு மஞ்சணத்தி, மாட்டுக் கழுத்தில் பாரம் ஏறக்கூடாது என்று. உங்கள் வண்டி எந்த மரம் என்று பாருங்கள்.

#5 கொட்டாப்புளி

ஐயா, ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம் மட்டும். ஒரு வட்டையில் இரண்டு துளை. அதில் ஏறவேண்டிய இரண்டு ஆரக்கால்களும் இணையாக இல்லை, 30 டிகிரி விரிந்து நிற்கின்றன. ஒன்றில் ஏற்றினால் மற்றது வெளியே நிற்குமே? பேப்பரில் வரைந்து பார்த்தேன், ஏறவே ஏறாது.

#6 பழைய உளி

இதைக் கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். ஏறாதுதான், நீங்கள் வரைந்தது சரி. அப்பா என்ன செய்வார் தெரியுமா? இரண்டு ஆரக்கால்களின் நுனிக்குக் கொஞ்சம் கீழே கயிற்றைச் சுற்றிக் கட்டி, நடுவில் ஒரு கட்டையைச் செருகி முறுக்குவார். முறுக்க முறுக்க இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும். கருவேலம் அந்த அளவு வளைந்து கொடுக்கும். நுனிகள் வட்டைத் துளைக்கு நேராக வந்ததும் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல், உங்கள் பெயர்தான்) நாலு தட்டு, பிறகு கயிற்றை அவிழ்த்துவிடுவார். ஆரக்கால்கள் மறுபடி விரிந்து வட்டையைக் கவ்விக்கொள்ளும். அந்த முறுக்குச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

உங்கள் சின்னச் சக்கரத்துக்குக் கயிறு வேண்டாம். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் போதும்.

#7 பால்கனிப் பட்டறை

கொட்டாப்புளி அண்ணா, நான் அடுக்குமாடியில் ஒரு பால்கனியில் இதையெல்லாம் செய்கிறவள். மதியம் 2 முதல் 4 வரை மிஷின் ஓட்டக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானமே போட்டிருக்கிறார்கள். அதனால் நான் சொல்வதெல்லாம் சின்ன இடத்துக்குப் பொருந்தும்.

வட்டையைத் தனித்தனியாகத்தான் அறுக்க வேண்டும், ஐயா சொன்ன காரணத்தோடு இன்னொன்றும் உண்டு. ஒரே பலகையில் முழு வளையம் அறுத்தால் ரேகை ஒரு திசையில்தான் ஓடும். வளையத்தில் இரண்டு இடங்களில் ரேகை குறுக்கே வந்து விழும், சக்கரம் அங்கேதான் உடையும். ப்ளைவுட்டில் அந்தப் பிரச்சினை இல்லைதான், ஆனால் ஓரத்தில் பிஸ்கட் அடுக்கின மாதிரி வரி தெரியும். மாட்டு வண்டிச் சக்கரத்தில் அதைப் பார்க்க எனக்கு மனசு வராது.

கணக்கு போட்டுப் பார்த்தேன். வெளி ஆரம் 63.5, வட்டை தடிமன் 9 என்றால் உள் ஆரம் 54.5. ஆறில் ஒரு பங்கு வில்லுக்கு நாண் சரியாக ஆரத்தின் அளவே. அதாவது காம்பஸை ஆரத்துக்கு விரித்து வட்டத்தில் ஆறு தடவை நடத்தினால் ஆறு வட்டையும் குறித்தாயிற்று, கோணமானி தேவையில்லை. 66 மி.மீ. நீளம், 18 மி.மீ. அகலத்தில் ஒரு சின்னத் துண்டில் ஒரு வட்டை அடங்கும். தேக்குக் கதவு செய்கிற இடத்தில் கழித்துப் போடுகிற துண்டே போதும். மூன்று மூன்றாக அடுக்கி, இரட்டைப் பக்க டேப் போட்டு, மேலே பேட்டர்ன் ஒட்டி ஒரே வாட்டியில் அறுங்கள்.

குடத்துக்கு எங்கே போவீர்கள்? கடைசல் மிஷின் என்னிடமும் இல்லை. நான் எடுத்தது பழைய பூரிக்கட்டையின் கைப்பிடி. 22 மி.மீ. இருந்தது, உப்புத்தாளில் தேய்த்து 21 ஆக்கினேன். பூரிக்கட்டை என் மாமியாருடையது. அதைப் பற்றித் தனி இழையே தொடங்கலாம்.

#8 கைவாள் கட்சி

நல்ல விவாதம். ஆனால் ஒன்று கேட்கிறேன், இதற்கு ஸ்க்ரோல் சா எதற்கு? வளைவு அறுக்கும் ஒரு கைவாள், அதாவது கோப்பிங் சா, ஒரு அரைவட்ட அரம், ஒரு கிளாம்ப். 18 மி.மீ. துண்டில் ஒரு வளைவு அறுக்க மின்சாரம் தேவையா? தாத்தா வண்டி செய்த ஆசாரிக்கு 16 அங்குல மிஷின் இருந்ததா?

#9 மரத்தூள்

ஆரம்பிச்சாச்சா! ஆசாரியிடம் இருந்தது முப்பது வருஷக் கை. நம்மிடம் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். மொத்தம் 12 வட்டை, கூண்டுக்கு வளைவுகள், பக்கப் பலகையில் பூ வேலை. உள்ளே ஓட்டை விட்டு அறுக்கும் வேலையில் ஸ்க்ரோல் சாவை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

ஆனால் மிஷின் சரியாக நிற்க வேண்டும். கொட்டாப்புளி, இந்தச் சோதனையை முதலில் செய்யுங்கள். ஒரு தடிமனான கட்டையை எடுத்து முன்பக்கத்திலிருந்து பிளேடில் லேசாக ஒரு கீறல் போடுங்கள். கட்டையை அப்படியே சுற்றி பிளேடின் முதுகுப் பக்கம் கொண்டுபோய், அந்தக் கீறலைப் பிளேடோடு ஒட்டிப் பாருங்கள். முதுகு கீறலுக்குள் சரியாக உட்கார்ந்தால் மேசை நேர். சாய்ந்து நின்றால், தெரிகிற சாய்வில் பாதிதான் உண்மையான பிழை, அந்தப் பாதியை மட்டும் திருத்துங்கள். மேசைக்கு அடியில் இருக்கும் டிகிரி அளவை நம்பாதீர்கள். மூன்று வட்டை அடுக்கினால் 27 மி.மீ. உயரம். மேசை ஒரே ஒரு டிகிரி சாய்ந்திருந்தாலும் மேல் வட்டைக்கும் கீழ் வட்டைக்கும் கிட்டத்தட்ட அரை மி.மீ. வித்தியாசம் வரும். உங்கள் முதல் சக்கரம் பாம்பு மாதிரி நெளிந்ததே, அதில் இதற்கும் பங்கு இருக்கும்.

பிளேடு: 9 மி.மீ. தேக்கு ஒன்றுக்கு 5ஆம் நம்பர், மூன்றடுக்குக்கு 7 அல்லது 9. தேக்கில் சிலிக்கா உண்டு, பிளேடு சீக்கிரம் மழுங்கும். மழுங்கியது தெரியாமல் நாம் பலகையை அழுத்துவோம், பிளேடு பின்னால் வளையும், அறுப்பு பீப்பாய் மாதிரி வயிறு வைக்கும். பலகை கருகுகிற வாசனை வந்தால் பிளேடை மாற்றுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். பேட்டர்ன் மேலே பார்சல் ஒட்டும் டேப்பை ஒரு சுற்று ஒட்டினால் கருகல் பெருமளவு குறையும்.

இன்னொன்று. நேர்கோட்டில் தள்ளினாலும் வாள் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது என்று புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் புலம்புவார்கள். அது உங்கள் கை தவறு இல்லை. தொழிற்சாலையில் பல் வெட்டும்போதே பிளேடின் ஒரு பக்கத்தில் பிசிர் நின்றுவிடும், அந்தப் பக்கம் வேகமாக அறுக்கும். பலகையை மூன்று நாலு டிகிரி திருப்பிப் பிடித்துப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

உங்கள் மிஷின் பின் (முனையில் குறுக்காக நிற்கும் சின்னக் கம்பி) வைத்த பிளேடு மட்டும் எடுக்குமா, வெறும் முனை பிளேடும் எடுக்குமா?

#10 கொட்டாப்புளி

பின் வைத்தது மட்டும். கடைக்காரர் "இரண்டும் போடலாம் சார்" என்று சொல்லித்தான் விற்றார். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது.

#11 மரத்தூள்

எல்லாருக்கும் நடந்ததுதான். வட்டைக்குப் பரவாயில்லை, ஓரத்திலிருந்து உள்ளே வரலாம். பக்கப் பலகைப் பூ வேலைக்குத்தான் கஷ்டம். பின் நுழைய வேண்டும் என்றால் பெரிய ஓட்டையாகப் போட வேண்டும், 1:12இல் அது முழுப் பூவையே தின்றுவிடும். வெறும் முனை பிளேடுக்கு 1 மி.மீ. ஓட்டை போதும். அதற்கான மாற்றுக் கவ்வி தனியாகக் கிடைக்கிறது, வாங்கிப் போடுங்கள்.

என் கதை இதைவிட மோசம். தம்பி அமெரிக்காவிலிருந்து ஆசையாகத் தூக்கி வந்த மிஷின், 120 வோல்ட். பெட்டியிலேயே எழுதியிருந்தது. நான் படிக்காமல் நம்ம 230இல் சொருகினேன். ஒரு நொடி ரயில் மாதிரி ஓடியது. அப்புறம் புகை.

#12 கைவாள் கட்சி

கோப்பிங் சாவில் புகை வராது என்பதைப் பணிவோடு பதிவு செய்கிறேன்.

#13 வண்டில்காரன்

நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கம் மாடு பூட்டினால் அது வண்டில். வண்டில் சவாரிப் போட்டி எண்டால் ஊரே திரண்டு போகும். நான் செய்தது ஒற்றைத் திருக்கல், ஒரு மாடு பூட்டுறது. அதிலே நடுவிலே நுகத்தடிக்குப் போற நீளத் தடி, அந்த ஏர்க்கால், வராது, மாட்டின் இரண்டு பக்கமும் இரண்டு தடிகள் வரும். உங்கட கூண்டு வண்டியை விடச் சுலபம், முதல் வேலைக்கு அதைச் சொல்லுவன்.

குடத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. துளை போடும் முன் கணக்குப் பாருங்கோ. 21 மி.மீ. குடத்தின் சுற்றளவு 66. அதை 12ஆல் பிரித்தால் துளைக்குத் துளை 5.5 மி.மீ. வெளியே தாராளமாத்தான் தெரியும். ஆனால் எல்லாத் துளையும் நடுவை நோக்கித்தான் போகுது. உள்ளே போகப் போக நெருங்கும். நான் 3 மி.மீ. துளையை 6 மி.மீ. ஆழம் போட்டன். அந்த ஆழத்திலே துளைக்குத் துளை 2.4 மி.மீ. தான் இருக்கும். எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து, குடத்துக்குள்ளே ஒரு குகை. ஆரக்காலைத் தட்டினதும் குடம் பிஸ்கற் மாதிரி நொறுங்கிப் போச்சு.

2.5 மி.மீ. துளை, 4 மி.மீ. ஆழம். அதுக்கு மேலே போகாதேங்கோ.

#14 பால்கனிப் பட்டறை

ஐயோ, இதைப் போன மாதம் எழுதியிருக்கக் கூடாதா வண்டில்காரன் அண்ணா! என் முதல் குடமும் இப்படித்தான் போனது. மரம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

12 துளையை ஒரே இடைவெளியில் குறிக்க நான் செய்தது: குடத்தைச் சுற்றி ஒரு பேப்பர் பட்டையைச் சுற்றி, முனை சந்திக்கும் இடத்தில் வெட்டினேன். பட்டையைப் பிரித்து மேசையில் வைத்து 12 சம பாகமாக மடித்தேன். முதலில் மூன்றாக, அப்புறம் பாதி, மறுபடி பாதி. ஸ்கேல் தேவையில்லை, மடிப்பே குறி. திரும்பவும் குடத்தில் ஒட்டி, மடிப்புக் கோட்டில் ஊசியால் குத்திவிட்டேன். ட்ரில் செங்குத்தாக இறங்க, ஒரு கட்டையில் V வடிவக் காடி வெட்டி அதில் குடத்தைப் படுக்க வைத்தேன். கையில் பிடித்துத் துளை போட்டால் கோணம் போய்விடும். விரலும் போகலாம்.

ஆரக்கால் முனையில் 2.5 மி.மீ. உருண்டைக் கழுந்து வேண்டுமே, அதற்கு ஒரு குறுக்கு வழி. பழைய கதவுக் கீல் தகடு ஒன்றில் 2.5 மி.மீ. ஓட்டை போடுங்கள். ஆரக்கால் முனையை உளியால் தோராயமாகச் சீவி, அந்த ஓட்டையில் வைத்துத் தட்டுங்கள். அதிகமான மரத்தைத் தகட்டின் விளிம்பே சீவி எடுத்துவிடும், 24 கழுந்தும் ஒரே அளவில் வரும்.

#15 பழைய உளி

கீல் தகடு யோசனை பிரமாதம் அம்மா. வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டு எழுந்து போய் நானே ஒன்று செய்து பார்த்தேன்.

மரம் பற்றி ஒரு வார்த்தை. தேக்கு வேண்டாம் என்பேன். தேக்கின் ரேகையும் துளைகளும் பெரியவை. நிஜக் கதவில் அழகு. 5 மி.மீ. ஆரக்காலில் அந்தத் துளை ஆணி அடித்த ஓட்டை மாதிரி தெரியும். வண்டியைச் சின்னதாக்கலாம், மரத்தின் ரேகையைச் சின்னதாக்க முடியாது. மஞ்சக்கடம்பு கிடைத்தால் எடுங்கள், இல்லையேல் வெட்பாலை. சன்னபட்டணத்துக் கடைசல் பொம்மைகள் செய்வது வெட்பாலையில்தான், வெண்ணெய் மாதிரி வெட்டும். வெளுப்பாக இருக்கும், தேயிலைத் தண்ணீரில் கொஞ்சம் சாயம் ஏற்றிக்கொள்ளலாம். பெரம்பலூர்ப் பக்கம் போனால் அரும்பாவூர் மரச்சிற்பப் பட்டறைகளில் கழிவுத் துண்டு கேட்டுப் பாருங்கள். நல்ல மரத்தை அடுப்புக்குப் போடுகிறார்கள்.

தேக்கையே அறுப்பதானாலும் மூக்குக்கு முகக்கவசம் போடுங்கள். அந்தத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு கொடுக்கும். நுரையீரலுக்கு எந்த மரத்தூளும் நல்லதில்லை.

#16 கொட்டாப்புளி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். வெட்பாலை கிடைத்தது. வட்டை அறுத்தேன், கீல் தகட்டில் கழுந்து இழுத்தேன், குடத்தில் 4 மி.மீ. ஆழத்துக்குத் துளை போட்டேன். ட்ரில் பிட்டில் 4 மி.மீ. தள்ளி இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டேன், அதற்கு மேல் இறங்காது.

ஆரக்கால் எல்லாம் ஏற்றி சூரியன் படம் மாதிரி நின்றபோது அரை மணி நேரம் வேறு வேலையே செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வட்டை. விரலால் இரண்டு ஆரக்காலையும் நெருக்கிப் பிடித்தேன், வெட்பாலை லேசாக வளைந்து கொடுத்தது, வட்டையை மேலே வைத்துக் கைப்பிடியால் தட்டினேன். டக் என்று உள்ளே போய் உட்கார்ந்தது. விரலை எடுத்ததும் இழுத்தாலும் வரவில்லை. ஐயா சொன்ன கவ்வல் இதுதான் போல.

ஆறாவது வட்டைதான் ஆட்டம் காட்டியது. பக்கத்து வட்டைகள் இரண்டும் இடத்தை அடைத்துக்கொண்டன. இரண்டு முனையையும் உப்புத்தாளில் ஒரு இழை தேய்த்தேன், ஏறிவிட்டது. சக்கரத்தில் இப்போது ஆறு இடத்தில் தாள் தடிமனுக்கு இடைவெளி இருக்கிறது. வேண்டுமென்றே விட்டேன்.

அடுத்தது பட்டா. நிஜமாகவே காய்ச்சி மாட்ட ஆசை. முடியுமா?

#17 மரத்தூள்

முடியும், ஆனால் சின்னதாக்கினால் இங்கே ஒரு வம்பு உண்டு. 5 அடிச் சக்கரத்தின் சுற்றளவு 4.8 மீட்டர். இரும்பை 500 டிகிரி சூடேற்றினால் சுற்றளவு கிட்டத்தட்ட 29 மி.மீ. நீளும். அதாவது ஒரு அங்குலத்துக்கும் மேல். கொல்லர் கண்மதிப்பில் வெட்டினாலும் நிற்கும். உங்கள் சக்கரத்தின் சுற்றளவு 400 மி.மீ. பித்தளைப் பட்டையை 200 டிகிரி சூடேற்றினால் நீள்வது வெறும் ஒன்றரை மி.மீ. வளையத்தை 1 மி.மீ. சின்னதாகச் செய்ய வேண்டும். 2 மி.மீ. சின்னதாகப் போனால் ஏறாது. அளவு சரியாகப் போனால் ஆடும். பேப்பர் பட்டையைச் சக்கரத்தைச் சுற்றி இழுத்து அளந்து, அதிலிருந்து 1 மி.மீ. கழியுங்கள்.

ஈயப்பற்று வேண்டாம். சாதாரண ஈயம் 190 டிகிரிக்குப் பக்கத்திலேயே உருகிவிடும், வளையம் அடுப்பிலேயே வாய் பிளக்கும்.

#18 பழைய உளி

நகை ஆசாரி யாராவது தெரிந்தவர் இருந்தால் பற்றவைக்கும் பொடி வைத்து ஊதித் தரச் சொல்லுங்கள். இணைப்பு தெரியாது, சூடும் தாங்கும். மரத்தில் எங்கேயும் ஃபெவிகால் தடவவில்லையே? சூடு பட்டால் அது இளகும்.

தண்ணீரைப் பக்கத்திலேயே வையுங்கள். பட்டா உட்கார்ந்த மறு நொடி ஊற்ற வேண்டும். எங்கள் பட்டறையில் அதற்கு இரண்டு பேர் சட்டியோடு நிற்பார்கள். அதில் ஒருவன் நான்.

#19 கொட்டாப்புளி

பசை இல்லை ஐயா. ஒரு இடத்தில் கூட.

பஜாரில் நகைப் பட்டறை வைத்திருக்கும் நண்பன் ஒருவன். பட்டையை நீட்டியதும் "என்னடா, யாருக்கு வளையல்?" என்றான். விஷயத்தைச் சொன்னதும் ஊதுகுழலை எடுத்து ஐந்து நிமிடத்தில் முடித்தான், காசு வாங்கவில்லை. இரண்டு வளையம். முதலாவது நான் அளந்ததில் தப்பு, சக்கரத்தில் லொடலொடவென்று சுற்றியது. அதை மறுபடி வெட்டி ஊதிக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை மாலை மாடியில் வேலை. பழைய தோசைக்கல்லை கேஸ் அடுப்பில் வைத்து, மேலே வளையத்தைப் போட்டேன். மனைவி ஒரு சொம்பு தண்ணீரோடு நின்றாள். சக்கரத்தை ஒரு மரக்கட்டையில் படுக்க வைத்திருந்தேன். இடுக்கியால் வளையத்தை எடுத்துச் சக்கரத்தில் வைத்தேன், முக்கால் சுற்று தானாக இறங்கியது, மிச்சத்தை இடுக்கி முனையால் அழுத்தினேன். லேசாகப் புகை, வறுத்த கடலை மாதிரி ஒரு வாசனை. "ஊத்து ஊத்து" என்று கத்தினேன். சொய்ங் என்றது. அதற்குள்ளிருந்து டிக், டிக், டிக் என்று சத்தம். என்னவென்று குனிந்து பார்த்தால் வட்டைகளுக்கு இடையில் இருந்த அந்தத் தாள் இடைவெளிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன.

சக்கரத்தை எடுத்து முதலில் செய்த காரியம், வேண்டுமென்றே மேசையிலிருந்து கீழே போட்டேன். சிமென்ட் தரையில் குதித்து, உருண்டு, தண்ணீர்த் தொட்டி வரை போய் நின்றது. ஒரு ஆரக்கால் கூட அசையவில்லை.

#20 பால்கனிப் பட்டறை

அந்த டிக் டிக் படித்ததும் எனக்குப் புல்லரித்துவிட்டது. எங்கள் சங்கத்தில் தோசைக்கல் நேரம் பற்றித் தீர்மானம் எதுவும் இல்லை, நானும் செய்கிறேன்.

#21 கைவாள் கட்சி

ஒப்புக்கொள்கிறேன், அழகு. வட்டையை மிஷினில் அறுத்தது மட்டும் உறுத்தல்.

#22 வண்டில்காரன்

அச்சுக்கு என்ன போடப்போறியள்? நான் 3.15 மி.மீ. வெல்டிங் கம்பியின் பூச்சைத் தட்டி எடுத்துவிட்டுப் போட்டன், குடத்திலே 3.2 துளை. சக்கரம் கழலாமல் அச்சு முனையிலே செருகுற கடையாணிக்குக் குண்டூசி. கம்பியிலே துளை போடும் முன் நடுவிலே ஒரு குத்து குத்திக்கொள்ளுங்கோ, இல்லாட்டி பிட் வழுக்கி உடையும். எனக்கு மூன்று உடைஞ்சது.

#23 கொட்டாப்புளி

வெல்டிங் கம்பியேதான். இரண்டு பிட் உடைந்தது.

வண்டி முடிந்தது. இரண்டாவது சக்கரம், பாரச் சட்டம், முளைக்குச்சி, மூங்கில் சீவி வளைத்த கூண்டு, மேலே ஓலைப்பாய்க்குப் பதிலாகப் பழைய கோரைப்பாயில் ஒரு துண்டு. மஞ்சணத்தி கிடைக்கவில்லை, நுகத்தடிக்கு வேம்பு. மேலே அரக்கு பாலிஷ் இரண்டு கை. ஏர்க்காலுக்கு மட்டும் ஆளிவிதை எண்ணெய் தடவினேன். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் கொடியில் விரித்துக் காயப்போட்டேன். சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் என்று இங்கே முன்பு படித்தது நினைவில் இருந்தது.

நேற்று ஊருக்கு எடுத்துப் போய் அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சக்கரத்தை உருட்டினார். கடையாணியை நகத்தால் தொட்டார். கூண்டுக்குள் குனிந்து பார்த்தார். நல்லதாக ஏதோ சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தால், "ஏன்டா, மைக்குழாய் எங்கே? மை போடாம ஓட்டினா உங்க தாத்தா சாட்டையால அடிப்பாரு" என்றார்.

அப்புறம் அவரே சொன்னார். வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்து அச்சுக்குப் போட மை செய்வார்களாம், ஒரு மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கு அடியில் தொங்கவிடுவார்களாம். தொழுவத்தில் போய்ப் பார்த்தேன். குழாய் இல்லை, கட்டியிருந்த கயிறு இற்றுப்போய் அச்சுக்குப் பக்கத்தில் ஒரு முடிச்சு மட்டும் இருந்தது. என் அளவு நோட்டில் அந்த முடிச்சு இல்லை. பார்த்திருக்கிறேன், எழுதவில்லை.

ஐயா, குழாய் எவ்வளவு பெரிது இருக்கும்? எந்தப் பக்கம் தொங்கும்?

#24 பழைய உளி

ஒரு சாண், கட்டை விரல் மொத்தம். உங்கள் அளவில் 19 மி.மீ. நீளம், 2 மி.மீ. விட்டம். துடைப்பக் குச்சி வேண்டாம், உள்ளே பொள்ளல் இருக்காது. மூங்கிலின் நுனிக் கிளையில் ஒரு கணு பார்த்து வெட்டுங்கள், அடிப்பக்கம் தானாக மூடியிருக்கும்.

பக்கம் ஊருக்கு ஊர் மாறும். அந்த முடிச்சு எந்தப் பக்கம் இருந்தது?

#25 கொட்டாப்புளி

இடது.

#26 பழைய உளி

அப்போ இடதுதான். கொஞ்சம் விளக்கெண்ணெயும் கரியும் நிஜமாகவே உள்ளே வையுங்கள், அம்மா திறந்து பார்ப்பார்.